பூத்திருக்கும் தொட்டியைத் தூக்குமுன்

நேயர்களுக்கு வணக்கம்.

நர்சரிக்குப் போனால் கண் முதலில் போவது நிறையப் பூத்திருக்கும் தொட்டிக்குத்தான். நானும் அப்படித்தான், முழங்கால் உயரமே இருந்த ஒரு போகன்வில்லாவை வாங்கிவந்து ஜன்னலுக்கு அடியில் நட்டேன். மூன்றாம் வருடம் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. முள் வேறு. மாதாமாதம் கவாத்துக் கத்தரியும் கையுமாக நின்றேன். செடி மேல் தப்பே இல்லை. எவ்வளவு வளரும் என்று கேட்காமல் நட்டது நான்.

அதையே வெயில் காயும் வேலியோரம் வைத்திருந்தால் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டியிருக்காது. வேரூன்றிய பிறகு தண்ணீரைக் குறைத்தால் அது இன்னும் நன்றாகப் பூக்கும். ஒரு கொத்தைப் பறித்து உள்ளே பாருங்கள். சின்னக் குழாய் மாதிரி வெளிறி இருப்பதுதான் பூ. நாம் பூ என்று நினைக்கிற சிவப்பும் ஊதாவும் அதைச் சுற்றியிருக்கும் இலைகள். அந்த நிறம் வாரக்கணக்கில் நிற்பது அதனால்தான்.

ஆகவே செடிக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். காலை, மதியம், மாலை என மூன்று தடவை போய் வெயில் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். குரோட்டன்ஸை நிழலில் வைத்தால் நிறம் மங்கிப் பச்சையாகிவிடும். அப்புறம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், வறட்சி தாங்கும் செடிகள் அங்கே அழுகிப்போகும்.

இடைவெளி விஷயத்தில் நமக்குப் பொறுமை கிடையாது. நாலடி அகலம் படரும் செடிகளை நாலடி தள்ளித்தான் நட வேண்டும். ஒரு வருடம் மொட்டையாகத்தான் தெரியும், இருக்கட்டும். நடுவில் காய்ந்த இலையோ மரச்சீவலோ இரண்டு மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போட்டால் களை குறையும், ஈரமும் நிற்கும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள்.

எந்தச் செடியானாலும் முதல் வருடம் தண்ணீர் கேட்கும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, நாள் விட்டு வேர் வரை இறங்கும்படி ஊற்றுவது நல்லது. புல்தரை மட்டும் எல்லா வருடமும் வேலை வாங்கும். உட்கார ஒரு துண்டு போதும் என்பேன்.

அரளி தானாகவே பூத்துக் குலுங்கும், சரி. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். சின்னப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம்.

என் ஜன்னலடியில் இப்போது குட்டை ரக இட்லிப்பூ. முதலில் வைத்தபோது இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. தோண்டினால், வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவை! மண்ணில் சுண்ணாம்பு ஏறினால் இட்லிப்பூவால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கலவையை அள்ளிவிட்டு, மட்கிய இலையுரம் கலந்த புது மண் போட்டேன். இரண்டு மாதத்தில் பச்சை திரும்பியது. ஜன்னலும் திறக்கிறது.

வணக்கம்.