ஆன்டிவைரஸே பாரமாகும்போது

வணக்கம் நேயர்களே. கையில் ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் இருந்தால் நல்லது. நடுவில் ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

கணினியை ஆன் செய்து, காபி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைரஸ்தான் என்று முடிவுகட்டி, பெங்களூரில் அல்சூரிலோ ஸ்ரீராம்புரத்திலோ இருக்கிற கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். இருக்கிற ஆன்டிவைரஸோடு இன்னொன்றும் ஏறி வீட்டுக்கு வருகிறது. கோளாறு இப்போது இரட்டிப்பு.

காரணம் இதுதான். ஒரு கோப்பை நீங்கள் திறக்கும்போது ஆன்டிவைரஸ் நடுவில் நின்று, அதைப் படித்துப் பார்த்த பிறகே வழிவிடும். குரோம் ஒருமுறை திறப்பதற்குள் நூற்றுக்கணக்கான கோப்புகள் திறந்து மூடும். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகம் இருந்தால் இது அவ்வளவாகத் தெரியாது. பழைய மடிக்கணினிகளில் இருக்கும், நிமிஷத்துக்கு 5400 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க்கில், படிக்கும் முனை விநாடிக்கு நூறு இடத்துக்கு ஓடினாலே பெரிய விஷயம். அங்கே இரண்டு ஆன்டிவைரஸ் உட்கார்ந்தால், ஒன்று தொடுவதை மற்றது சந்தேகப்பட்டுப் பிடிக்கும். இது முடியட்டும் என்று அது, அது முடியட்டும் என்று இது. திரை அப்படியே உறைந்துபோகும்.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபென்டர் உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். எடுத்துவிட்டால் தானே திரும்பிவரும். வீட்டுக் கணினிக்கு டிஃபென்டரும், விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாத பழக்கமும் போதும் என்பது என் கருத்து.

அதற்காக, சந்தேகம் வந்தவுடனே எதையும் நீக்கிவிடாதீர்கள். ஆன் செய்து பத்து நிமிஷம் விடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். 'டிஸ்க்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பது மேலே ஏறும். ஆன்டிவைரஸின் பெயர் அங்கிருந்து இறங்கவே இல்லையென்றால் ஆள் அகப்பட்டுவிட்டது. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்று இருந்தால் அது டிஃபென்டர், பயப்பட வேண்டாம். இன்னொன்று: வாராந்திர ஸ்கேன் இரவு இரண்டு மணிக்கு என்று குறித்திருப்பார்கள். அந்நேரம் உங்கள் கணினி அணைந்திருக்கும். விட்டுப்போன ஸ்கேன் காலையில் நீங்கள் ஆன் செய்ததும் கிளம்பும். அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

காசு கட்டி வாங்கியது, விட மனசில்லை என்பவர்கள் அதன் ஒட்டுகளையாவது நிறுத்துங்கள்: வி.பி.என்., பி.சி. ட்யூன்அப், ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிரவுசர் எக்ஸ்டென்ஷன். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் வேகம் கூடிவிடாது. எக்ஸ்டென்ஷன் நீங்கள் போகிற பக்கமெல்லாம் கூடவே வரும். பயனர்கள் பார்த்த பக்கங்களின் விவரத்தை விற்றதாக அவாஸ்ட் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டி, 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது 2024-இல்.

சரி, நீக்குவது என்று முடிவாகிவிட்டால் அவசரப்படாதீர்கள். கடவுச்சொற்களை அந்த ஆன்டிவைரஸின் பாஸ்வேர்டு மேனேஜரில் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அதே நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அதன் 'ரிமூவல் டூல்' என்ற சிறு நிரலை இறக்கி வையுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டால், நீக்கியபின் இணையமே போயிருக்கலாம். சார்ஜரைச் செருகுங்கள்; பாதியில் கரண்ட் போனால் அரைகுறையாக நிற்கும்.

செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். விண்டோஸ் 10-இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். அங்கே அன்இன்ஸ்டால். முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுங்கள், ஷட்டவுன் வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால், ஷட்டவுன் செய்து ஆன் செய்தாலும் விண்டோஸின் உள்பகுதி பழைய நிலையிலேயே எழுந்துவரும்; நீக்கியதன் மிச்சமும் கூடவே எழும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அதன்பின் ரிமூவல் டூலை ஓட்டுங்கள். சில டூல்கள், அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஓட்டச் சொல்லும். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட்டைச் சொடுக்கி, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்த வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள்: டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டே இறங்குங்கள்.

திரும்பி வந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, ரியல்டைம் புரொடெக்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால், பழைய ஆன்டிவைரஸ் இணையப் போக்கில் வைத்திருந்த வடிகட்டியின் மிச்சம்தான். முதலில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ப்ராக்ஸி ஆஃப் என்று இருக்கட்டும். அடுத்து ஸ்டார்ட் பட்டனில் வலது சொடுக்கு, டெர்மினல் அட்மின். இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: என், இ, டி, எஸ், எச், இடைவெளி, டபிள்யூ, ஐ, என், எஸ், ஓ, சி, கே, இடைவெளி, ஆர், இ, எஸ், இ, டி. என்டர். மறுபடியும் ரீஸ்டார்ட்.

இதன்பிறகும் டிஸ்க் நூறு சதவீதத்தில் நின்றால் குற்றம் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்குடையது. எஸ்.பி. ரோட்டில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் பொருத்துவது, எந்த ஆன்டிவைரஸை மாற்றுவதைவிடவும் பலன் தரும்.

எல்லாம் நீக்கியபிறகும் திரையின் வலது ஓரத்தில் 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்' என்று எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் அது ஆன்டிவைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது 'அலவ்' அழுத்தியதன் வினை. குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத பெயர்களை நீக்குங்கள். அதில் வரும் தொலைபேசி எண்ணுக்கு அழைக்காதீர்கள். அழைத்துப் பணம் போய்விட்டதென்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

கடைசியாக, மென்பொருளை நீக்கினாலும் சந்தா நிற்காது. நிறுவனத்தின் கணக்கில் ஆட்டோ ரின்யூவலை நிறுத்த வேண்டும். இந்திய அட்டையில் ஈ-மேன்டேட், அதாவது தானாகப் பணம் பிடிக்க அனுமதி, கொடுத்திருந்தால், பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளாதீர்கள். மேன்டேட்டை ரத்து செய்யும் வழி அதிலேயே இருக்கும். வணக்கம்.