கூடத்துக்கு ஒரு மூலவர் போதும்

நேயர்களுக்கு வணக்கம். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுப்பது என் தொழில். சேலத்தில் யாராவது புது வீட்டைக் காட்டக் கூப்பிட்டால், கூடத்தில் உட்கார்ந்து நான் முதலில் கேட்பது, "இங்கே யாருங்க மூலவர்?" என்பதுதான். சிரிப்பார்கள். கோயிலில் பரிவாரம் எத்தனை இருந்தாலும் கருவறையில் ஒருவர்தானே? சுவரை அடைத்த டி.வி., செதுக்கு வேலை சோபா, மூலையில் ஊஞ்சல், ஷோகேஸ் கொள்ளாமல் கல்யாணப் பரிசுகள் என்று எல்லாமே 'என்னைப் பார்' என்று நின்றால், வந்தவர் செல்போனைத்தான் பார்ப்பார்.

மூலவரைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். நம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் வாகைக் கட்டையில் யாளியும் குதிரையும் செதுக்குகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற வேலை. ஆசையாக வாங்கி வந்து கண்ணாடிக்குள் பூட்டிவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்காது. வெளியே எடுங்கள். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். மேலே ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விளக்கு விழட்டும். நேர் எதிரே விளக்குப் போட்டால் உளி போன பள்ளமெல்லாம் மறைந்து, யாளி தட்டையாகிவிடும். தூசி படியும்தான், பழைய பெயின்ட் பிரஷால் வாரம் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

படம் மாட்டுவதற்கு ஒரே கணக்கு: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். நம் வீடுகளில் கதவு நிலைக்கு மேலே மாட்டிக் கழுத்தை வலிக்க வைக்கிறோம்.

மரத்துக்கு ஊரும் பொருந்த வேண்டும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு ஐப்பசி மழையில் ஏற்காட்டில் பழைய காபிச் செடி வேரில் செய்த டீப்பாய் வாங்கினேன். கைகோத்த மாதிரி முறுக்கிய வேர்கள், மேலே கண்ணாடி. மூடுபனியில் ஊறிக் கிடந்த மரம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி நம் வெயிலுக்கு வந்தது. பங்குனியில் ஒரு ராத்திரி படீரென்று சத்தம். வேர் நீளவாக்கில் பிளந்து, கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. உள்ளிருந்த ஈரம் ஒரேயடியாக வற்றினால் மரம் சுருங்கும், சுருங்க இடமில்லாத இடத்தில் வெடிக்கும். இப்போது மலையிலிருந்து எதை இறக்கினாலும் ஃபேன் காற்றும் வெயிலும் நேரே படாத அறையில் இரண்டு மூன்று மாதம் போட்டுவைத்த பிறகே பாலீஷ்.

எனக்குப் பிடித்த மூலவர் அம்மாப்பேட்டையில் இருக்கிறார். நெசவுக் குடும்பம்; குழித்தறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைல்ஸ் போட்டுவிட்டார்கள். தறியின் படமரம் மட்டும் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. நெய்த துணி சுருளும் கட்டை அது. நெய்பவரின் வயிறு உரசி உரசி, நடுவில் ஒரு முழத்துக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுக்கம், ஓரமெல்லாம் சொரசொரப்பு. வார்னிஷ் அடிக்கவே கூடாது என்று அந்த வீட்டு மகனிடம் சண்டை போட்டேன். சோபாவுக்கு மேலே, இரண்டு இரும்புத் தாங்கிகளில் படுக்கவைத்தோம். அந்தச் சுவரில் வேறெதுவும் இல்லை, காலண்டர்கூட.

சாயங்காலம் பெரியவர் வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, முனை மாத்தி வெச்சிருக்கீங்க? கோல் போட்டுத் திருப்புற ஓட்டை எனக்கு வலது கைப் பக்கம்ல வரணும்?" என்றார். அப்புறம் நானும் மகனும் ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டையைத் திருப்பி வைத்தோம். "இன்னும் தாழ்வா இருக்கலாம்" என்றார். அதை மட்டும் நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.