மதகு மேடும் ஷாக் அப்சார்பரும்

நேயர்களுக்கு வணக்கம். காரோடு வந்ததைக் கழற்றிவிட்டு நாமே கடையில் வாங்கிப் போடுகிற ஷாக் அப்சார்பர், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். திருகை வைத்து இறுக்கம் கூட்டிக் குறைக்கிற வகை இப்போது நம் பக்கத்திலும் நிறைய வருகிறது. பட்டறையில் வண்டியை விடும்போதே, "அண்ணே, நல்லா டைட்டா வச்சுடுங்க" என்பார்கள். ஏன் தம்பி என்று கேட்டால், டைட்டா இருந்தாத்தானே வண்டி ஆடாது என்பது பதில். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நம் ரோட்டைப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி போகிறவர் அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு என்று ஆறுகளையும், நடுவில் எண்ணி மாளாத வாய்க்கால்களையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு மதகு. மதகுக்கு அஸ்திவாரம் உண்டு, அது அசையாது. இரண்டு பக்கமும் ரோடு கிடப்பது வயல் மண்ணை வெட்டிப் போட்ட மேட்டில், அது மழைக்கு மழை, லாரிக்கு லாரி உட்கார்ந்துகொண்டே போகும். அதனால் மதகு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். வேகமாக வந்தால் வண்டி ஏறித் தூக்கி இறங்கும், அது அடங்குவதற்குள் அடுத்த மதகு வந்துவிடும். இதற்கு மேல் வெள்ளையடிக்காத வேகத்தடைகள் வேறு.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாக் இல்லை, ஸ்பிரிங். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. மேட்டில் அமுங்கிய ஸ்பிரிங் தன்னை விட்டால் துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவது மட்டும்தான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்ன வால்வுகள். எண்ணெய் அந்தச் சந்துக்குள் நுழைந்து வரும்போது துள்ளுகிற சக்தி சூடாக மாறிவிடுகிறது. மோசமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் சுடுவது அதனால்தான்.

இதில் இரண்டு பக்க வேலை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சக்கரம் மேலே ஏறும்போது ஷாக் அமுங்குகிறது, அது கம்ப்ரெஷன். ஸ்பிரிங் திரும்ப நீளும்போது ஷாக்கும் நீளுகிறது, அது ரீபவுண்டு. கம்ப்ரெஷனை அதிகம் இறுக்கினால் வேகத்தடையின் ஒவ்வொரு விளிம்பும் நேரே இடுப்புக்கு வரும். ரீபவுண்டு தளர்ந்திருந்தால் மதகைத் தாண்டிய பிறகு வண்டி இரண்டு மூன்று தடவை மிதக்கும், பின் சீட்டில் இருக்கிற அம்மாவுக்குக் குமட்டும்.

சரி, ரீபவுண்டை முழுக்க இறுக்கிவிடலாமா? இங்கேதான் நம் ரோடு வேலையைக் காட்டும். இறுக்கம் அதிகமானால் அமுங்கிய ஸ்பிரிங் மெதுவாகத்தான் நீளும், முழுக்க நீளுவதற்குள் அடுத்த மேடு வந்து இன்னும் அமுக்கும், அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். நாலாவது ஐந்தாவது மேட்டில் வண்டி தரையோடு குந்திப்போய், முழுக்க அமுங்கும்போது இடி தாங்குகிற பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் டொக் டொக்கென்று இடிக்கும். ஓட்டுகிறவர் ஷாக் போதவில்லை என்று நினைத்து இன்னும் இரண்டு திருகு இறுக்குவார், இன்னும் மோசமாகும். புது ஷாக் போட்டும் இடிக்கிறதே என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

என்ன வாங்குவது? கேப்ரியல், கேஒய்பி, மன்ரோ, பில்ஸ்டீன் என்று கடையில் பெயர்கள் கிடைக்கும், பெயரை விட வகையைப் பாருங்கள். ட்வின் ட்யூப் என்பது குழாய்க்குள் குழாய். வெளிக்குழாய் கொஞ்சம் நசுங்கினாலும் வேலை செய்யும். வெறும் எண்ணெய் மட்டும் உள்ளதாக இருந்தால் விடாமல் குலுங்கும்போது மோர் கடைந்த மாதிரி நுரைத்துப் பிடியை விட்டுவிடும், அதனால் நைட்ரஜன் வாயு கொஞ்சம் அடைத்தது நல்லது. மோனோ ட்யூப் சூட்டை நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரே குழாய், உள்ளே பிஸ்டன் அதன் சுவரிலேயே ஓடுகிறது, கல் அடித்து நசுங்கினால் போச்சு. குடும்பத்தோடு போகிற, அவ்வப்போது நாலு நெல் மூட்டையும் ஏற்றுகிற வண்டிக்கு வாயு அடைத்த ட்வின் ட்யூபே போதும் என்பது என் கருத்து. வண்டியைத் தாழ்த்துகிற காயில்ஓவர் செட், அதாவது ஷாக்கின் மேலேயே ஸ்பிரிங் மாட்டி உயரத்தை மாற்றுகிற செட், பற்றியும் கேட்கிறார்கள். ஐப்பசி மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு வண்டியை ஏன் தாழ்த்த வேண்டும், எனக்குப் புரியவில்லை. தவிர, வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது.

இனி மாட்டுகிற வேலை. சின்னக் கார்களில் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது, 1950இல் ஃபோர்டு கான்சல் காரில் வந்தது. பழைய அமைப்பில் சக்கரத்தை மேலே பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு ஸ்ட்ரட்டையே அந்த வேலையும் பார்க்க வைத்தார். அதனால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்ட்ரட்டும் சேர்ந்து திரும்புகிறது. அதன் கீழ் போல்ட்டைத் தளர்த்தினாலே சக்கரத்தின் சாய்வு, அதாவது கேம்பர், மாறிவிடும். கழற்றும் முன் போல்ட் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள், வேலை முடிந்ததும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அளக்கிற அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். கோடு போட்டுவிட்டோம், அலைன்மென்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டே மாதத்தில் டயர் பதில் சொல்லும்.

வீட்டு வாசலில் செய்கிற தம்பிகளுக்கு இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையை விடாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் கனமான பலகை போடுங்கள், நம் களிமண் தரை ஈரத்தில் இறங்கும். இரண்டாவது, ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவில் இருக்கிற நட்டை, ஸ்பிரிங்கை கம்ப்ரசர் போட்டு அமுக்காமல் தொடவே கூடாது. அந்த ஸ்பிரிங் ஓர் ஆள் கனத்தைப் போலப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது, அவிழ்ந்தால் மூஞ்சியில்தான். கம்ப்ரசர் கொக்கிகளை எதிரெதிராக மாட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் இந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றில் போல்ட் துருவேறி ஒட்டிப்போய் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே துருவை இளக்குகிற எண்ணெய் அடித்து ஊறவிட்டால் மறுநாள் போல்ட் உடையாது.

ட்வின் ட்யூப் ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருக்கும், வாயு இடம் மாறியிருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க அமுக்கி நீட்டுங்கள். பளபளவென்று இருக்கிற கம்பியைப் பிளையரால் பிடிக்காதீர்கள், அதில் விழுகிற ஒரு கீறல் ஆயில் சீலைக் கிழித்துவிடும். அந்தக் கம்பியின் உச்சி நட்டுக்கு, காற்றழுத்தத்தில் திருகுகிற ஏர் கன்னும் வேண்டாம். ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டியோடு பிடிக்கிற டாப் மவுண்ட், அதன் பேரிங், தூசு மறைக்கிற ரப்பர், பம்ப் ஸ்டாப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பேரிங் இறுகியிருந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு டங்கென்று விடும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. பின்னால் ஷாக் மாற்றுவது சுலபம். ஆனால் பல வண்டிகளில் ஆக்சில் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான், ஆக்சிலுக்கு ஜாக்கி கொடுக்காமல் கழற்றினால் பிரேக் ஹோஸ் இழுபடும். இடது மாற்றினால் வலதும் மாற்ற வேண்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இப்போது சொல்லப்போவதைத்தான் பட்டறைகளில் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஒன்று, நடுவில் ரப்பர் ஒட்டியிருக்கிறது. போல்ட் இறுக்கியதும் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தொங்குகிற நிலையில் அப்படிப் பிடித்துவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், ஒவ்வொரு மதகிலும் மேலும் முறுக்கும், சில மாதத்தில் கிழிந்து கீச்சுக் கீச்சென்று கத்தும். அதனால் கையால் பிடிக்கிற அளவுக்குத் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கி ஆட்டி, சக்கரத்தில் பாரம் இருக்கும்போது இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். அடியில் கை நுழையாது, கஷ்டம்தான். பள்ளம் உள்ள பட்டறையில் சுலபமாக முடிந்துவிடும்.

அப்புறம் திருகு. இறுக்கம் மாற்றுகிற வகைகளில் பலவற்றில் ஒரு திருகோ குமிழோ இருக்கும், திருப்பத் திருப்ப கிளிக் கிளிக்கென்று நிற்கும். கிளிக்கை எப்போதும் முழு இறுக்கத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், நடுவிலிருந்து எண்ணினால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. முதலில் நாலு சக்கரத்தையும் நடு அளவில் வையுங்கள். உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு ரோட்டில், தினமும் போகிற வேகத்தில், வழக்கமாக வருகிற ஆட்களோடு ஓட்டிப் பாருங்கள். மதகைத் தாண்டி ஒரே தடவையில் வண்டி உட்கார்ந்துவிட்டால் சரி. மிதந்தால் ஒரு கிளிக் இறுக்கம். வரிசையாக மேடு வருகிற இடத்தில் குந்திக்கொண்டு போனால் ஒரு கிளிக் தளர்வு. முன்னாலும் பின்னாலும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று பிடிபடாது. சில வகைகளில் ஒரே திருகு ரீபவுண்டை மட்டும் மாற்றும், சிலவற்றில் கம்ப்ரெஷனும் ரீபவுண்டும் சேர்ந்து மாறும், பெட்டிக்குள் இருக்கிற தாளைப் படியுங்கள். மிதப்பு எத்தனை கிளிக் வைத்தும் அடங்கவில்லை என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஷாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். உயரம் கொஞ்சம் மாறியிருந்தால் ஹெட்லைட்டையும் பாருங்கள், எதிரில் வருகிற டிராக்டர்காரர் கண்ணில் அடிக்கக் கூடாது.

கழற்றிப் போட்ட பழைய ஷாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வாயு அடைத்ததாக இருந்தால், ஓடாமல் செத்துப்போனது போலத் தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும். பழைய இரும்புக் கடையில் போடும்போது இது கேஸ் ஷாக் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், அதை வெல்டிங் நெருப்பில் வெட்டுகிறவர் அங்கே ஒருவர் இருப்பார். வணக்கம்.