கிளட்ச் பிடிக்கும் இடம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"தானாக ஓடும் கார்கள் வந்தபின் கார் ஓட்டும் இன்பம் வாழுமா, மறையுமா?" என்பது தலைப்பு. மறையும் என்று பேச வந்திருக்கிறேன். மகிழ்ச்சியோடு அல்ல. என் அணி தோற்றுப்போனால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டே மேடையேறியது எனக்கு இதுவே முதல் முறை.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "கார் வந்த பிறகும் குதிரையேற்றம் இருக்கிறது. 1997இல் டீப் புளூ என்ற கணினி உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த பிறகும் மக்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். கார் ஓட்டுவது மட்டும் எப்படி மறையும்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். பிறகுதான் உறைத்தது. சதுரங்கம் ஆட ஒரு பலகையும் எதிரே ஓர் ஆளும் போதும். கணினி எவ்வளவு நன்றாக ஆடினாலும் என் பலகையைப் பிடுங்கிக்கொள்வதில்லை. கார் ஓட்டவோ எல்லோருக்கும் பொதுவான சாலை வேண்டும். அந்தச் சாலையில் மற்ற வண்டிகளையெல்லாம் இயந்திரம் ஓட்ட, நான் ஒருவன் மட்டும் கையால் ஓட்டினால் அங்கே ஆபத்தானவன் யார்? நான்தான். இதைக் கண்டுபிடிக்க அரசாங்கம் குழு அமைக்க வேண்டியதில்லை, காப்பீட்டுக்காரரே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த ஆண்டு பிரீமியத்தில் அது தெரியும்.

குதிரையைப் பற்றிச் சொன்னாரே, அது எங்கள் அணி பேச வேண்டிய வாதம். குதிரை இருக்கிறது, ஐயா. எங்கே? லாயத்தில், பந்தயத் திடலில். இந்த அவைக்குக் குதிரையில் வந்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்.

"அப்படியானால் பந்தயத் தடத்தில் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்பார்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1927 முதல் அப்படி ஒரு தடம் இருக்கிறது. கட்டணம் செலுத்தினால் யார் வேண்டுமானாலும் 20 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வரலாம். அருமையான இடம்தான். ஆனால் எங்கும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்கு ஒருவர் ஆயுளில் எத்தனை முறை கட்டணம் கட்டுவார்?

ஓட்டுவதன் ருசி எங்காவது போய்ச் சேருவதில் இருக்கிறது. 1888 ஆகஸ்டில், காரை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், அவருடைய காரில் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பினார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தபோது வழியில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்துக்கொண்டது, தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவி அடைப்பை எடுத்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதில் தோல் அடிக்கச் செய்தார். ஏற்றம் வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று பிறகு கணவரிடம் அவர் சொன்னதும் அந்தப் பயணத்தின் விளைவுதான். உலகின் முதல் நீண்ட கார்ப் பயணமே ஓர் ஆர்வலருடையது! நாளைய காரில் அவர் ஏறினால் அந்த ஊசிக்குத் தொப்பியைத் தவிர வேறு வேலை இல்லை.

"யாரும் தடை போடப் போவதில்லையே" என்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். கிளட்ச் பெடலை யார் தடை செய்தார்கள்? அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாடலில் கிளட்ச் பெடல் தேவைப்படாத ஆட்டோமேட்டிக் கியரைக் கொண்டுவந்தது. இன்று அங்கே விற்கும் புதிய கார்களில் கையால் கியர் மாற்றுபவை நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். சட்டமும் இல்லை, போராட்டமும் இல்லை. கேட்பவர் குறைந்தார், செய்பவர் நிறுத்தினார்.

எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் முதல் நாளே ஓர் ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "இனி பின்னால் ஒரு விரற்கடை கூட உருளாமல் எடு" என்றார். கிளட்சை மெல்ல விட விட ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தாழும், பானெட் இலேசாக நிமிரும், இருக்கைக்கடியில் ஒரு நடுக்கம் தெரியும். அதுதான் கிளட்ச் பிடிக்கும் இடம். அங்கே காலை நிறுத்திக் கைப்பிரேக்கை விட்டால் வண்டி அசையாமல் நிற்கும். பதினோராவது முறைதான் எனக்கு வந்தது. அதற்குள் எஞ்சினை எத்தனை முறை அணைத்தேன் என்பதை இந்த மேடையில் சொல்வதாக இல்லை. அந்த இடத்தைக் காலால்தான் கண்டுபிடிக்க முடியும். சித்திரம் மட்டுமல்ல, இதுவும் பழக்கம்தான்; காலுக்கு வேலை இல்லையென்றால் பழக்கம் ஏது?

பழக்கம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று வானத்தில் பார்த்துவிட்டோம். 2009இல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களில் பனி உறைந்தது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த தானியங்கி தன்னை விடுவித்துக்கொண்டது. கட்டுப்பாடு விமானிகள் கைக்கு வந்தது. நாலரை நிமிடத்துக்குள் விமானம் கடலில். 228 பேர் இறந்தார்கள். அந்த உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்கு இல்லை என்பதை விசாரணை அறிக்கையும் சுட்டியது. தொழில்முறை விமானிகளுக்கே அந்த நிலை. சில சூழல்களில் மட்டும் தானே ஓடும் 'மூன்றாம் நிலை'த் தானோட்டிக் காரோ, தன்னால் முடியாதபோது செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவரிடம் பத்து வினாடி கொடுத்து "இந்தா, பிடி" என்கிறது.

"இதெல்லாம் வர இன்னும் நூறு ஆண்டு ஆகும்" என்று எதிரணியில் ஒருவர் ஆறுதல் சொன்னார். 2004இல் அமெரிக்கப் பாலைவனத்தில் தானோட்டி வண்டிகளுக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் போட்டி வைத்தார்கள். எந்த வண்டியும் 12 கிலோமீட்டரைக் கூடத் தாண்டவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியில் ஐந்து வண்டிகள் கடைசிவரை ஓடின. 2020இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர்ப் பகுதியில் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத, வேமோ என்ற நிறுவனத்தின் டாக்சி பொதுமக்களுக்கே வந்துவிட்டது. இதுவா நூறு ஆண்டு வேகம்?

கடைசியாக, சாலை விபத்துகள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் சாகிறார்கள். இந்த எண்ணுக்கு முன்னால் என் கிளட்ச் சுகம் ஒன்றுமே இல்லை. இயந்திரம் இதைக் குறைக்குமானால் வரட்டும்; நானே வழிவிட்டு ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, அது வரலாமா கூடாதா என்பதல்ல தலைப்பு. வந்தால் எது போகும் என்பதே தலைப்பு. நான் ஓரமாக நிறுத்திவிட்டேன் என்றால் என் அணி வென்றுவிட்டது என்று பொருள்.

மணி அடித்துவிட்டது. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒரு கேள்வி. ஒரு நாள் உங்கள் பேத்தி வந்து, "தாத்தா, ஏற்றத்தில் வண்டியை எப்படி எடுப்பது?" என்று கேட்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். எந்த வண்டியில் உட்காரவைத்து, எந்தச் சாலையில் சொல்லிக்கொடுப்பீர்கள்?

நன்றி, வணக்கம்.