சந்தைக்கு வந்த மூட்டை

டர்பன் நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் நம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். அண்டா காலியானால் எல்லோரும் குடித்தாயிற்று என்று வீடு திரும்புவோம். வறட்சியும் சண்டையும் ஒன்றாகப் பிடித்த நாட்டில் அப்படிக் கணக்கு முடியாது. அங்கே உணவு உதவியை மதிப்பீடு செய்யப் போனவள் நான். கிடங்கிலிருந்து எத்தனை டன் போனது என்று காட்ட எல்லோரிடமும் காகிதம் இருக்கும். இரவு அடுப்பில் என்ன வெந்தது என்பதற்குத்தான் காகிதம் கிடையாது.

சோமாலியாவைப் பாருங்கள். 2010 கடைசியில் மழை பொய்த்தது. தெற்கில் பெரும்பகுதி அல் ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் கையில்; ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அங்கே வேலையை நிறுத்தியிருந்தது. 2011 ஜூலை 20 அன்றுதான் ஐ.நா. 'பஞ்சம்' என்று அறிவித்தது. நம் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பிறந்த கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் நிவாரண அமைப்பும் அந்த ஆண்டு அங்கே போனது. செத்தவர்கள் சுமார் 2,58,000 பேர் என்று 2013இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பாதிக்கு மேல் ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள். பஞ்சம் என்று சொல்ல மூன்று அளவுகள் உண்டு. அதில் ஒன்று, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இரண்டு சாவு. சாவை எண்ணித்தான் அந்தச் சொல்லுக்கே வர வேண்டும்! அதனால் எந்த மதிப்பீட்டிலும் நான் முதலில் தேடுவது தேதியை: எச்சரிக்கை எப்போது வந்தது, முதல் லாரி எப்போது கிளம்பியது?

அடுத்தது, சந்தையில் கிடக்கும் உதவி மூட்டை. அதைப் பார்த்ததும் பணம் கொடுத்தவர்களுக்குக் கோபம் வரும். ஆயுதக்காரர்களும் தரகர்களும் சுருட்டியது என்றால் கோபம் நியாயம்தான். 2023இல் எத்தியோப்பியாவில் அப்படிப் பெரிய அளவில் நடந்தது தெரிந்ததும் நாடு முழுவதும் விநியோகத்தையே நிறுத்தினார்கள்; திருடியவனோடு பசித்தவளும் தண்டனை அனுபவித்தாள். ஆனால் ஒரு தாய் தன் பங்கில் கொஞ்சம் விற்றால் அது திருட்டா? நமக்குக் கடையில் மீலி மீல் அரைத்த மாவாகவே கிடைக்கிறது. அவளுக்குக் கிடைப்பது முழுத் தானியம். அரைக்கக் கூலி, விறகு, உப்பு, பிள்ளைக்குப் பால், எல்லாவற்றுக்கும் காசு அந்த மூட்டையிலிருந்துதான் வர வேண்டும். சந்தை உயிரோடு இருந்தால் பணமாகக் கொடுத்திருக்கலாமே என்று அந்த விற்பனையே சொல்கிறது. விற்றவளைப் பட்டியலிலிருந்து நீக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அடுப்பை அறிய ஒரு வழி உண்டு. கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் பால் என்று கேட்போம். சாப்பிட்ட ஒவ்வொரு நாளுக்கும் இறைச்சிக்கும் பாலுக்கும் நான்கு மதிப்பெண், தானியத்துக்கு இரண்டு, சர்க்கரைக்கு அரை. சண்டை நடக்கும் ஊருக்குப் போக முடியாதபோது போனில் கேட்கிறோம். பெரும்பாலும் எடுப்பவர் வீட்டு ஆண். பருப்பு எத்தனை நாள் என்றதும், "ஏய், எத்தனை நாள்?" என்று அவர் உள்ளே திரும்பிக் கேட்பது நமக்கும் கேட்கும்.