மலை மட்டும் தரும் தாள்

வணக்கம் நேயர்களே. பேச்சை ஆரம்பிக்கும் முன் ஒரு சத்தம். மைக் பக்கத்தில் ஒரு தாளை மெல்ல அசைக்கிறேன், கேளுங்கள். சலசலவென்று காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி கேட்கிறதா? இது ஜப்பானில் கையால் செய்த தாள், பின்னால் விரலை வைத்தால் ரேகை வரைக்கும் தெரியும்.

இதன் செடிக்குப் பெயர் கம்பி. ஜன்னல் கம்பி இல்லை, கங்கை என்று சொல்லும்போது வருகிற ‘க’வைப் போட்டுச் சொல்ல வேண்டும். மேற்கு ஜப்பானின் மலைச்சரிவுகளில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து ஆள் உயரத்துக்கு வளரும் புதர், சின்னச் சின்ன மஞ்சள் பூ பூக்கும். நம் அகில் மரமும் இதே குடும்பம்தான். அந்த அகிலின் பட்டையில்தான் அஸ்ஸாமில் ஏடு செய்து எழுதினார்கள். எழுத்துக்கென்றே பிறந்த குடும்பமோ என்று எனக்குத் தோன்றும்.

ஜப்பானியத் தாளுக்கு முக்கியமாக மூன்று செடிகள். கோசோவையும் மிட்சுமாட்டாவையும் தோட்டம் போட்டு வளர்க்கிறார்கள். கம்பி அதற்கு லேசில் மசியாது. வளர்த்துப் பார்த்தவர்கள் உண்டு, ஆனாலும் மெதுவாகத்தான் வளரும், வெட்டினால் மறுபடி ஆளாக வருஷக்கணக்கில் ஆகும். அதனால் இன்றைக்கும் யாராவது மலையேறித் தேடித்தான் கொண்டுவர வேண்டும். கோசோவைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டை உரிப்பார்கள். கம்பிக்கு அது வேண்டாம், வசந்தம் முடிகிற சமயத்தில் தண்டில் நீரோட்டம் இருக்கும்போது பச்சையாகவே உரிந்து வந்துவிடும். அப்புறம் மேல்தோலைச் சீவி, காரநீரில் வேகவைத்து, தண்ணீரில் போட்டுத் தூசு துரும்பை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்குவார்கள். இந்த வேலைதான் பெரிது.

கோசோ நார் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர், கம்பி நார் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான். நார் சன்னமாக இருப்பதால் தாள் நெருங்கிப் படிந்து பட்டு மாதிரி மினுங்கும், பூச்சியும் லேசில் அண்டாது. வெளுக்காத கம்பித் தாள் முட்டை ஓட்டு நிறத்தில் இருக்கும். அதனால் ‘தோரினோகோ’, அதாவது பறவையின் பிள்ளை, முட்டை, என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஹியோகோ மாகாணத்தின் நஜியோவில் உள்ளூர் மண்ணையும் இந்த நாரோடு கலந்து தாள் எடுக்கிறார்கள், தங்கத்தைத் தட்டித் தகடாக்க நடுவில் வைப்பது அந்த மாதிரித் தாளைத்தான்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1647-ஐ ஒட்டி டச்சுக் கப்பல்களில் வந்த ஜப்பானியத் தாளில் தன் செதுக்கோவியங்களை, அதாவது உலோகத் தகட்டில் கீறி மை பூசி எடுக்கும் படங்களை, அச்சிடத் தொடங்கினார், அவற்றில் கம்பித் தாளும் உண்டு. நம்மூரில் கேள்வித்தாள் அடித்த சைக்ளோஸ்டைல் ஞாபகம் இருக்கிறதா? அதே வகை அச்சு முறை ஜப்பானில் 1894-இல் வந்தபோது, மெழுகு தடவி இரும்பு ஊசியால் எழுதிய ஸ்டென்சில் இந்தத் தாள்தான். நகல் இயந்திரம் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. தேவை குறைந்தால் மலையேறும் ஆளும் குறைவார்கள், அந்தக் கண் பழக்கம், அதாவது நூறு புதருக்கு நடுவே கம்பி எது என்று தெரிகிற அறிவு, அவர்களோடு போய்விடும். எனக்கு உண்மையில் பயம் அதுதான்.

நானும் செதுக்கோவியம் செய்கிறவன். முதல் தடவை இந்தத் தாளை மற்றத் தாள் மாதிரி நன்றாக நனைத்துவிட்டேன், சுருங்கிச் சுருக்கம் விழுந்து வீணாகிப் போனது. யாரோ மலையில் அலைந்து கொண்டுவந்த பட்டை, என் அவசரத்தில் போயிற்று. ரொம்ப நாள் மனசு கேட்கவில்லை. இப்போது லேசாக ஈரம் காட்டுவதோடு சரி.

கையில் இருக்கும் இந்தத் தாளில் ஓரமாக மயிரிழை அளவு ஒரு பழுப்புத் துணுக்கு தெரிகிறது. பொறுக்கியவர் கண்ணுக்குத் தப்பிய பட்டை. அச்சிடும்போது தகட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வேன், அது மறையாமல் இருக்கட்டும்.