அக்வான்னா முட்டையா, அழுகையா?

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நைஜீரியாவோட தென்கிழக்குல அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோனின்னு அஞ்சு மாநிலம், அங்க கோடிக்கணக்குல ஜனங்க பேசற மொழி இக்போ. இத்தனை பேர் பேசறாங்களே, அப்புறம் என்ன கவலைன்னு கேப்பீங்க. கவலை பிள்ளைங்கள பத்தித்தான். டவுன்ல பல வீட்டுல அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள்ள இக்போ பேசறாங்க, பிள்ளை பக்கம் திரும்பினா இங்கிலீஷ். ஏன்னா எத்தனையோ ஸ்கூல்ல தாய்மொழிக்குப் பேரே 'வெர்னாகுலர்', அத பேசினா ஃபைன், இல்லன்னா அடி. பிள்ளைக்கு அடி விழும்னு தெரிஞ்சா எந்த அம்மா வீட்டுல அந்த மொழிய பேசுவா சொல்லுங்க?

'அக்வா'ன்னு ஒரு வார்த்தை இருக்கு. குரல ஏத்தி இறக்கற விதத்துல அதுவே அழுகை, துணி, முட்டை, படுக்கைன்னு மாறிடும். 1961ல முடிவான எழுத்துமுறைல எழுத்துக்கு அடில புள்ளி வெப்பாங்க, ஆனா இந்த ஏற்ற இறக்கத்த சாதாரணமா யாரும் குறிச்சு எழுதறதில்ல. காதுல கேட்டு வளராத பிள்ளைக்கு வாரத்துல ரெண்டு பீரியடு இக்போ பாடம் வெச்சா அது எப்படிங்க வரும்? பாடமா மட்டும் வெச்சா போதாது, கணக்கும் அறிவியலும் அதுலயே நடக்கணும். இததான் நான் அழுத்திச் சொல்ல வந்தேன்.

நடக்காத காரியம்னு சொல்லாதீங்க. 1970ல அதே நாட்டுல இஃபேங்கிற ஊர்ல, பேராசிரியர் ஃபஃபுன்வா தலைமைல, ஆரம்பப் பள்ளி ஆறு வருஷமும் அந்தப் பக்கத்து மொழியான யொரூபாலயே பாடம் நடத்திப் பாத்தாங்க, இங்கிலீஷ் தனி டீச்சர் வெச்சு ஒரு பாடம் அவ்ளோதான். அந்தப் பிள்ளைங்க இங்கிலீஷ்லயும் பின்தங்கல, நல்லாவே வந்தாங்க.

2022 நவம்பர்ல ஆரம்பப் பள்ளி ஆறு வருஷமும் தாய்மொழிலன்னு அரசாங்கமே முடிவு பண்ணுச்சு, கேக்கவே சந்தோஷமா இருந்துச்சு. சரியா மூணு வருஷம், 2025 நவம்பர்ல கல்வி அமைச்சர் அத ரத்து பண்ணிட்டார், தாய்மொழில படிச்ச பகுதிகள்லதான் பிள்ளைங்க பரீட்சைல அதிகமா ஃபெயிலாகறாங்கன்னு காரணம் சொன்னார். எனக்கு மனசே ஆறல. புத்தகம் போதுமான அளவு அச்சடிச்சு, டீச்சருக்கு அந்த மொழில ட்ரெய்னிங் குடுத்து, அப்புறம் ஃபெயிலானா பேசலாம். விதைக்காமலே விளையலன்னு சொன்னா எப்படி?

இக்போல பழைய எண்ணிக்கை இருபது இருபதா போகும், 20க்கு ஓஹு, 400க்கு ன்னூ. சந்தைல உக்காந்திருக்கற பாட்டிங்க இப்படித்தான் எண்ணிப் பழகினவங்க. அந்தப் பாட்டியோட பேரன் இன்னிக்கு கணக்கு நோட்ட வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா, அதுல ஒரு வரிகூட பாட்டிக்குப் புரியாது.